எட்டா, ஒன்பதா? பிள்ளைகள் பெருக்கலை யோசிக்கும் விதம்

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் நாலாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள், அதாவது 8, 9 வயதுக்காரர்கள், ஒவ்வொரு ஜூன் மாதமும் கணினித் திரைமுன் உட்கார்ந்து 25 பெருக்கல் கேள்விகளுக்கு விடை தட்டுகிறார்கள். ஒரு கேள்விக்கு 6 நொடி. அடுத்தது வருமுன் 3 நொடி இடைவெளி. பன்னிரண்டாம் வாய்பாடு வரை எதுவும் வரலாம். 6, 7, 8, 9, 12 ஆகியவற்றிலிருந்து கூடுதலாக வரும். 2022இல் இந்தத் தேர்வு கட்டாயமானபோது நாட்டின் சராசரி மதிப்பெண் 19.8. 2024இல் அது 20.6 ஆனது, 25க்கு 25 எடுத்தவர்கள் 27 விழுக்காட்டிலிருந்து 34 விழுக்காடாக உயர்ந்தார்கள். பகுதிவாரியாகப் பார்த்தால் லண்டன்தான் முன்னே நிற்கிறது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்தை மட்டுமே பேசி வளர்ந்தவர்களைவிட இதில் நன்றாகச் செய்கிறார்கள். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கத்துத் தமிழ் வீடுகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. வாய்பாட்டைப் பிள்ளையின் நாவில் ஏற்றிவிடுவது நமக்குப் பெற்றோரின் முதல் கடமைகளில் ஒன்று.

அந்தக் கடமையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த 25 கேள்விகளில் ஒன்றுகூட வகுத்தல் இல்லை. எந்த இடத்தில் பெருக்க வேண்டும், எந்த இடத்தில் கூட்ட வேண்டும் என்று முடிவெடுக்கச் சொல்லும் கேள்வியும் இல்லை. பெருக்கல் குறி ஏற்கெனவே திரையில் போடப்பட்டிருக்கிறது; பிள்ளை நினைவிலிருந்து எண்ணை எடுத்துத் தந்தால் போதும். குறியைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரும்போது அதே பிள்ளை என்ன செய்கிறது என்பதை லண்டனில்தான் மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாகச் சேர்ந்துள்ள அந்த அறிவு நம் வீடுகளுக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் அதிகம் வந்து சேரவில்லை.

1974 முதல் 1979 வரை, லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்சி கல்லூரியில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. (இந்தக் கல்லூரி 1985இல் கிங்ஸ் கல்லூரியோடு இணைந்துவிட்டது.) 11 முதல் 16 வயது வரையுள்ள சுமார் 10,000 மாணவர்கள் அதில் கணிதச் சோதனைகளை எழுதினார்கள். சோதனை எழுதியதோடு விடவில்லை. பலரை நேரில் உட்காரவைத்து, ‘இந்த விடைக்கு எப்படி வந்தாய்?’ என்று பொறுமையாகக் கேட்டார்கள். முடிவுகளைத் தொகுத்து கேத்லீன் ஹார்ட் 1981இல் வெளியிட்ட நூல் இன்றும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது.

அதில் விகிதம் பற்றிய பகுதியில் ஒரு கேள்வி உண்டு. அமெரிக்க அறிஞர் ராபர்ட் கார்ப்ளஸ் உருவாக்கிய கணக்கு அது. குட்டையர் ஒருவர், நெட்டையர் ஒருவர். குட்டையரின் உயரத்தைத் தீக்குச்சியால் அளந்தால் 4 குச்சி. நெட்டையர் 6 குச்சி. அதே குட்டையரைப் பேப்பர் கிளிப்பால் அளந்தால் 6 கிளிப். அப்படியானால் நெட்டையருக்கு எத்தனை கிளிப்?

விடை 9. ஆனால் பெரிய எண்ணிக்கையில் பிள்ளைகள் 8 என்று எழுதினார்கள். கவனக்குறைவால் வந்த விடை அல்ல இது. ‘குச்சியில் இரண்டு கூடியிருக்கிறது, அதனால் கிளிப்பிலும் இரண்டு கூட வேண்டும்’ என்று தெளிவாகக் காரணம் சொன்னார்கள். இவர்களுக்கு ஆறு ஒன்றரை தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் சிக்கல் அங்கே இல்லை. இரண்டு அளவுகளுக்கு நடுவே இருக்கும் உறவை இவர்கள் கூட்டலாகப் பார்த்தார்கள். வாய்பாட்டை எத்தனை முறை ஒப்பிக்கச் சொன்னாலும் அந்தப் பார்வை மாறாது.

ஹார்ட் கவனித்த இன்னொன்று எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 8 பேருக்கான வெங்காய சூப் செய்முறையைக் கொடுத்து, 4 பேருக்கும் 6 பேருக்கும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். சரியாகச் செய்தவர்களில் பலர் வகுப்பில் கற்றுக்கொடுத்த விகித விதியைத் தொடவே இல்லை. 8 பேருக்கு 4 சூப் கட்டி என்றால் 4 பேருக்கு 2. 2 பேருக்கு 1. ஆக 6 பேருக்கு 3. பாதியாக்கு, மறுபடி பாதியாக்கு, பிறகு சேர். அரை பைன்ட் கிரீம் வரும் இடத்தில்தான் பலர் தடுக்கினார்கள். கால் பைன்டும் அரைக்கால் பைன்டும் சேர்ந்தால் எட்டில் மூன்று என்று போக வேண்டியிருந்தது. பள்ளி கொடுத்த விதி ஒரு பக்கம், பிள்ளை தானாக வளர்த்துக்கொண்ட வழி இன்னொரு பக்கம் என்று இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே கிடந்தன.

அதே ஆய்வில் மார்கரெட் பிரௌன் எண்களின் செயல்களைப் பற்றிய பகுதியைக் கவனித்தார். கணக்கைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் கதையை எழுதச் சொன்னார்கள். 84ஐ 28ஆல் வகுப்பதற்கு ஒரு கதை சொல் என்றால் என்ன சொல்வது? விடை காணத் தெரிந்த பிள்ளைகளையே இது தயங்கவைத்தது. 16ஐ 20ஆல் வகுக்கச் சொன்னபோது 12 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் ‘விடை கிடையாது’ என்றார்கள். பெரிய எண்ணைத்தான் சிறிய எண்ணால் வகுக்க முடியும் என்பது அவர்கள் தாமாகவே இயற்றிக்கொண்ட சட்டம். யாரும் அதைக் கற்பித்திருக்க மாட்டார்கள். தொடக்கப் பள்ளியில் அவர்கள் பார்த்த ஒவ்வொரு வகுத்தல் கணக்கும் அப்படி அமைந்திருந்ததால் அதைத் தாமே கற்றுக்கொண்டார்கள்.

2008இல் கிங்ஸ் கல்லூரியில் ஜெரமி ஹாட்ஜென் குழுவினர் இதே சோதனைகளை மறுபடி நடத்தினார்கள். மார்கரெட் பிரௌனும் டீட்மர் குஹ்மனும் அதில் இருந்தார்கள். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் 16 வயதுப் பொதுத் தேர்வில் தேர்ச்சி பெறுவோர் மிகவும் கூடியிருந்தார்கள். ஆனால் விகிதத்தைப் புரிந்துகொள்வதில் அதற்கு ஈடான முன்னேற்றம் தென்படவில்லை.

பெருக்கலாக யோசிப்பது எங்கிருந்து தொடங்குகிறது என்ற கேள்விக்கு இப்போது போக வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் தரும் பதில், ‘திரும்பத் திரும்பக் கூட்டுவதுதான் பெருக்கல்’ என்பது. 4 பெருக்கல் 5 என்றால் 5, 5, 5, 5 என்று நான்கு முறை கூட்டு. விடை கண்டுபிடிக்க இது நல்ல வழி. பொருளாக இதைச் சொல்லிக்கொடுத்தால் போதுமா என்பதுதான் ஐயம்.

தெரசீன்யா நூனஸ் என்ற உளவியலாளர் இந்த ஐயத்தை ஆய்வாக மாற்றினார். பிரேசிலில் பிறந்து, ரெசிஃபே நகரத்தில் ஆராய்ச்சி செய்து, பிறகு லண்டனின் கல்வியியல் நிறுவனத்திலும் அதன் பின் ஆக்ஸ்ஃபோர்டிலும் பணியாற்றியவர். அவரும் அவருடைய சக ஆய்வாளர் பீட்டர் பிரையன்டும் முன்வைக்கும் வாதம் எளிமையானது. ஆனால் ஒரு முறை புரிந்துவிட்டால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். கூட்டலில் முழுமையும் பகுதிகளும் மட்டுமே இருக்கின்றன. பெருக்கலில் இரண்டு வேறு அளவுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரு மாறாத உறவு கட்டி வைத்திருக்கிறது. ஒரு காருக்கு 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். கார்கள் ஒரு அளவு, ஆட்கள் இன்னொரு அளவு. ஒரு கார் கூடினால் ஆட்களில் ஒன்றா கூடும்? ஐந்து கூட வேண்டும். அப்போதுதான் உறவு கெடாமல் இருக்கும். கூட்டல் உலகத்தில் இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணைச் சேர்த்தால் வித்தியாசம் மாறாது. பெருக்கல் உலகத்தில் இந்தப் பக்கம் ஒன்று சேர்த்தால் அந்தப் பக்கம் ஐந்து சேர்க்க வேண்டும். நெட்டையருக்கு 8 கிளிப் என்று சொன்ன பிள்ளை இந்த இரண்டு உலகங்களைக் குழப்பிக்கொண்டது.

இந்த அறிவு பள்ளிக்கு வெகு முன்பே முளைக்கிறது. 1988இல் ஒலிவியே ஃப்ரைட்மனும் பிரையன்டும் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகளிடம் கட்டைகளைக் கொடுத்து, மிட்டாய் என்று பாவித்து, இரண்டு பொம்மைகளுக்குச் சமமாகப் பங்கு போடச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: ஒரு பொம்மைக்கு இரண்டிரண்டாக ஒட்டிய கட்டைகள்தான் பிடிக்கும், மற்றதற்கு ஒற்றைக் கட்டைகள்தான் பிடிக்கும். 4 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று’ என்ற முறையிலேயே போனார்கள். ஒரு பொம்மைக்கு இரட்டிப்பாகப் போய்ச் சேர்ந்தது. 5 வயதுப் பிள்ளைகள் ஒரு இரட்டைக் கட்டைக்கு ஈடாக இரண்டு ஒற்றைகளை வைத்தார்கள்.

பிறகு ஆய்வாளர்கள் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். இரட்டைக் கட்டையில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். ஒற்றைகளிலும் மஞ்சளும் நீலமும் இருந்தன. இப்போது 4 வயதுப் பிள்ளைகளுக்கும் வழி புலப்பட்டது: மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு நீலம். அதன்பின் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிக் கொடுத்தபோதும் அவர்களில் பலர் சரியாகப் பங்கிட்டார்கள். நல்ல கற்பித்தலுக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. விடையைச் சொல்லவில்லை, விதியைச் சொல்லவில்லை. உறவு கண்ணுக்குத் தெரியும்படி பொருளை அமைத்தார்கள்.

ஜேன் கொரேயா, நூனஸ், பிரையன்ட் மூவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில் வகுத்தல் வருகிறது. இரண்டு கூட்டமாக முயல்கள் விருந்துக்கு வருகின்றன. இரண்டு கூட்டத்துக்கும் மிட்டாய் ஒரே அளவு. ஒரு கூட்டத்தில் முயல்கள் அதிகம். எந்த முயலுக்குக் கூடக் கிடைக்கும்? எண்ணச் சொல்லவில்லை, கணக்குப் போடச் சொல்லவில்லை. பங்கு கேட்பவர் கூடினால் பங்கு குறையும் என்ற தலைகீழ் உறவைப் பிள்ளை காண்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். 5 வயதில் பலருக்குத் தடுமாற்றம். 7 வயதில் பெரும்பாலோருக்குத் தெளிவு. 5 வயதுப் பிள்ளைகள் பங்கு போடத் தெரிந்தவர்கள்தான். ஆனால் பங்கு போடுவது கைப்பழக்கம், பங்குக்கும் பங்காளிகளுக்கும் உள்ள உறவை அறிவது வேறு படி. இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்தக் காலத்தில் நாம் அவர்களிடம் என்ன பேசுகிறோம் என்பது கணக்கில் வரும்.

2001இல் பார்க் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து நூனஸ் நேரடிச் சோதனை ஒன்றை வெளியிட்டார். பள்ளியில் இன்னும் பெருக்கல் கற்காத, சராசரியாக 6 ஆண்டு 7 மாத வயதுள்ள பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் திரும்பத் திரும்பக் கூட்டுவதாகப் பெருக்கல் கற்பிக்கப்பட்டது. மற்றதற்கு ‘ஒன்றுக்கு இத்தனை’ என்ற பொருத்தமாகக் கற்பிக்கப்பட்டது. இரண்டு குழுவும் முன்னேறின. ஆனால் பெருக்கல் கணக்குகளில் இரண்டாவது குழுவின் முன்னேற்றம் தெளிவாகக் கூடுதல். பல பத்தாண்டுகளுக்கு முன்பே உளவியலாளர் பியாஜே குவளைகளையும் பூக்களையும் வைத்து, ஒவ்வொரு குவளைக்கும் இரண்டு பூ என்ற பொருத்தத்திலிருந்தே பெருக்கல் வளர்கிறது என்று சொல்லியிருந்தார். அந்தக் கருத்தை நூனஸ் வகுப்பறைப் பாடமாக்கிச் சோதித்தார் என்று சொல்லலாம்.

திரும்பக் கூட்டுதல் என்ற பொருளோடு மட்டும் வளர்ந்த பிள்ளைக்குப் பின்னாளில் என்ன நேர்கிறது? கிலோ 12 பவுனுக்கு விற்கும் மீனில் 0.4 கிலோ என்ன விலை என்று கேளுங்கள். விடை 12ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். ‘பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும்’ என்று அது நம்புவதால் 12ஐ 0.4ஆல் வகுக்கப் போகும். 30 பவுன் என்று விடை வந்து நிற்கும். இஃப்ரைம் ஃபிஷ்பைனும் இத்தாலிய நண்பர்களும் பீசா நகரப் பள்ளிகளில் நூற்றுக்கணக்கான மாணவர்களிடம் இதை ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். பெருக்கும் எண் முழு எண்ணாக இருக்கும்வரை பிள்ளைகள் சரியான செயலைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஒன்றுக்குக் குறைவான தசமமாக மாறியதும் கதை அதேதான் என்றாலும் செயலை மாற்றினார்கள். ஏழு வயதில் சொல்லிக்கொடுத்த பொருள் பதினைந்து வயதிலும் உள்ளே அமர்ந்து வேலை செய்கிறது.

வகுத்தலுக்கு இரண்டு முகங்கள் இருப்பதும் இங்கே தெரிய வேண்டும். 84 மிட்டாயை 28 பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 3. 84 பேர் போக வேண்டும், ஒரு பஸ்ஸில் 28 பேர் ஏறலாம் என்றால் 3 பஸ். எழுத்தில் ஒரே கணக்கு. கையால் செய்து பார்த்தால் வேறு வேறு காரியம். முதலாவதில் பங்குதாரர் எண்ணிக்கை தெரியும், பங்கு தெரியாது. இரண்டாவதில் பங்கின் அளவு தெரியும், எத்தனை பங்கு என்று தெரியாது. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் வகுத்தல் என்றாலே பங்கு போடுவது என்று முதலாவதை மட்டும் சொல்லி வளர்க்கிறோம். அதனால்தான் ‘6ஐ அரையால் வகு’ என்றதும் பிள்ளை விழிக்கிறது. அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது? ‘6 லிட்டர் பாலில் அரை லிட்டர் போத்தல் எத்தனை நிரப்பலாம்?’ என்று இரண்டாவது முகத்தைக் காட்டினால் 12 என்று உடனே சொல்லிவிடும்.

நூனஸ் லண்டனுக்கு வருவதற்கு முன்பு செய்த வேலையும் நம் கவனத்துக்கு உரியது. ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகளிடம் அவரும் சக ஆய்வாளர்களும் வாடிக்கையாளராகப் போய்ப் பொருள் வாங்கி, மொத்த விலையும் மீதிச் சில்லறையும் கேட்டார்கள். 98 விழுக்காடு சரியான விடை. அதே வகைக் கணக்குகளைப் பிறகு உட்காரவைத்துக் கொடுத்தபோது, கதையாகச் சொன்னால் 74 விழுக்காடு, வெறும் எண்ணாகக் கொடுத்தால் 37 விழுக்காடு. காய் ஒன்று 35 க்ரூசெய்ரோ (பிரேசிலின் அன்றைய நாணயம்) என்ற விலையில் பத்துக் காய் என்றதும், ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் மூன்று காய்க்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210 என்று கட்டிக்கட்டிப் போய் 350ஐ அடைந்தான். பத்தால் பெருக்கச் சைபர் போட்டால் போதும் என்ற பள்ளி விதி அவனுக்கு நினைவு வரவில்லை. ஆனால் காய்க்கும் காசுக்கும் உள்ள உறவு ஒவ்வொரு படியிலும் அவன் கைக்குள் இருந்தது. ஹார்ட்டின் ஆய்விலிருந்த பிள்ளைகள் சூப் கணக்கில் போன வழியும் இதுதான்.

இதையெல்லாம் படிக்கும்போது நம் திண்ணைப் பள்ளிகளின் நினைவு வருகிறது. லண்டனுக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பே உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகப் பள்ளியை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கே நிலைநாட்டினார். நம் ஊரில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. நாடு திரும்பி 1797இல் லண்டனில் அது பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஆல்ட்கேட்டிலுள்ள புனித பொட்டால்ஃப் பள்ளியில் அம்முறை தொடங்கியது. அதே 1798இல் சதக் பகுதியில் ஜோசப் லங்காஸ்டர் ஏழைப் பிள்ளைகளுக்கு இதைப் போன்ற பள்ளியைத் திறந்தார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு பெல்லின் வழி இங்கிலாந்து முழுக்கப் பரவியது.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒப்பிக்கவைக்கும் ஒழுங்கு லண்டனுக்கு வந்து சேர்ந்தது. திண்ணையில் அந்த ஒப்பித்தல் எதோடு பிணைந்திருந்ததோ அது கூடவே வரவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த வரலாற்றாளர் செந்தில் பாபு திண்ணைப் பள்ளிக் கணக்கை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மனப்பாடம் அங்கே வெறும் உருப்போடுதல் இல்லை, கற்பதற்கே ஒரு வழி என்பது அவர் வாதம். அங்கே பயின்ற வாய்பாட்டு நூலான எண்சுவடியில் முழு எண்களின் வாய்பாட்டோடு மா, காணி, முந்திரி என்ற பின்னங்களின் வாய்பாடும் இருந்தது. நெல்லிலக்கம் என்ற வாய்பாடு நெல் அளப்பவனுக்கு. குழிமாற்று என்ற வாய்பாடு நிலம் அளப்பவனுக்கு. 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஒரு கலத்துக்கு 96 நாழி என்பதை அறிந்த பையனுக்கு ஒவ்வொரு படியும் ‘ஒன்றுக்கு இத்தனை’ என்ற உறவு. களத்துமேட்டில் அந்தப் படிகளில் ஏறுவது பெருக்கல், இறங்குவது வகுத்தல். அந்தப் பள்ளிகளில் யார் உட்கார முடிந்தது, யார் உட்கார முடியவில்லை என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு அவற்றைப் புகழ நான் விரும்பவில்லை. ஆனால் வாய்பாடு அங்கே ஓர் அளவையின் மேல் நின்றது என்பது உண்மை.

இங்கிலாந்தின் பன்னிரண்டாம் வாய்பாட்டுக்கும் ஒரு காலத்தில் அப்படியொரு அளவை இருந்தது. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். 1971 பிப்ரவரி 15இல் நாணயம் தசம முறைக்கு மாறியது. அளவை போய்விட்டது, வாய்பாடு மிஞ்சிவிட்டது.

வாய்பாட்டை மறக்கச் சொல்லவில்லை நான். 7 எட்டு எவ்வளவு என்று விரலை மடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு உறவைப் பற்றி யோசிக்க மனத்தில் இடம் மிஞ்சாது. ஆனால் வாய்பாட்டையே உறவாகக் கற்கலாம். ஏழு நாலு 28 என்றால் ஏழு எட்டு அதன் இரட்டிப்பு. ஒன்பது எட்டு என்பது பத்து எட்டில் ஓர் எட்டு குறைவு. 6 வரிசையில் 7 புள்ளி போட்ட அட்டையைத் திருப்பிப் பிடித்தால் 7 வரிசையில் 6 புள்ளி. இப்படித் திருப்பிப் பார்க்கத் தெரிந்தால் 12 வரையான 144 பெருக்கலில் 78 போதும். அதே அட்டையில் 42 புள்ளி, 6 வரிசை, வரிசைக்கு எத்தனை என்று கேட்டால் வகுத்தலும் அங்கேயே இருக்கிறது. பெருக்கலைக் கற்பித்து ஓராண்டு கழித்து வகுத்தலைத் தொடங்கும் பழக்கத்தை நம் சனிக்கிழமைப் பள்ளிகளும் டியூஷன் வகுப்புகளும் விட்டுவிடலாம்.

நூனஸ், பிரையன்ட் குழுவினர் இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வின் தரவுகளை எடுத்துப் பார்த்து 2009இல் அறிக்கை தந்தார்கள். சிறு வயதில் கணக்குச் செய்யும் திறமையும் கணக்காக யோசிக்கும் திறமையும் தனித்தனியே பின்னாள் தேர்ச்சியைக் காட்டின. இரண்டில் யோசிக்கும் திறமையே வலுவான அடையாளமாக இருந்தது. இந்த நம்பிக்கையில் உருவான 12 வாரப் பாடத்திட்டம் ஒன்றை, 6, 7 வயதுப் பிள்ளைகளுக்காக, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வி அறக்கட்டளை நிதியம் பள்ளிகளில் சோதித்தது. 2015 அறிக்கையில் பலன் 3 மாத முன்னேற்றத்துக்குச் சமம். 160 பள்ளிகளில் விரிவாக நடத்தி 2018இல் வெளியிட்டபோது 1 மாதம்தான். சோர்ந்துபோக வேண்டிய செய்தியாக நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கற்பித்தலை ஓர் ஏட்டில் அடைத்து அனுப்பிவிட முடியாது. எதிரில் இருக்கும் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்டு, அந்த நினைப்புக்கு ஏற்றாற்போல அடுத்த கேள்வியைப் போடத் தெரிந்த பெரியவர் வேண்டும்.

அந்தப் பெரியவர் வீட்டிலும் இருக்கலாம். இட்லிக்கு 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து ஊறப்போடும் அம்மாவிடம் நூனஸின் பாடம் முழுவதும் இருக்கிறது. விருந்தாளிகள் வருகிறார்கள், 6 டம்ளர் அரிசி போடப்போகிறோம், உளுந்து எவ்வளவு என்று ஒன்பது வயது மகளிடம் கேட்டுப் பார்க்கலாம். ‘அரிசி இரண்டு கூடியது, அதனால் உளுந்தும் இரண்டு கூடி மூன்று’ என்று அவள் சொன்னால், தவறு என்று வெட்டிவிடாமல், 8 டம்ளர் அரிசிக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். ‘இரண்டு’ என்பாள்; இரட்டிப்பு எல்லாப் பிள்ளைக்கும் எளிது. ஆறுக்கு மூன்று, எட்டுக்கு இரண்டா என்று அவளே நிற்பாள். இரண்டு வரிசையாக எழுதிப் பார்க்கச் சொல்லலாம்: மேலே அரிசி 4, 8, 2, 6, கீழே உளுந்து 1, 2, அரை, ஒன்றரை. எப்படி வந்தது என்று அவள் சொல்லட்டும். தமிழிலோ, ஆங்கிலம் கலந்தோ, எந்த மொழியில் அவளுக்கு யோசனை ஓடுகிறதோ அதில். பிறகு கேள்வியைத் திருப்பிப் போடலாம்: டப்பாவில் முக்கால் டம்ளர் உளுந்துதான் மிச்சம் இருக்கிறது, எத்தனை டம்ளர் அரிசி போடலாம்? இதற்கு 6 நொடிக் கெடு வேண்டாம். அரிசி ஊறும் நேரம் முழுவதும் அவளுக்குக் கொடுக்கலாம்.